எஸ்பெராண்டோவில் ஒரு வெற்றிலை

(மைசூரு தேவராஜ மொஹல்லாவில் நடைபெற்ற அங்கத்தினர் சந்திப்பில் ஆற்றிய உரை. மற்ற ஊர் அங்கத்தினர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



"எஸ்பெராண்டோ மொழியில் ஒரு சொல்லின் பூர்வீகம்" என்று இன்றைய தலைப்பை அறிவித்தவுடன் சிலர் முகத்தில் கேள்விக்குறி தெரிந்தது. எங்கோ ஐரோப்பாவில் ஒருவர் செய்த செயற்கை மொழிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. அந்த மொழியின் அகராதியில் 'பெட்டேலோ' என்று ஒரு சொல் இருக்கிறது. பக்கத்திலேயே தேவராஜ மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த வெற்றிலைதான் அது.

நான் மொழியியல் படித்தவன் அல்ல. பி.எஸ்ஸி. முடித்து, அரசாங்க உத்தியோகத்தில் ஃபைல்களோடு காலம் கழித்தவன். ஃபைலில் யார் எதை எழுதினாலும் மார்ஜினில் "ஆதாரம் எங்கே?" என்று குறிப்பு எழுதுவது எங்கள் வழக்கம். அதே கேள்வியை ஒரு சொல்லிடம் கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'தேவராஜ' என்பது சம்ஸ்கிருதம். 'மொஹல்லா' அரபு மொழிச் சொல். 'ஹல்ல' என்னும் அரபு வினைக்கு முடிச்சை அவிழ்ப்பது, இறங்கித் தங்குவது என்று பொருள். பிரயாணிகள் மூட்டையை அவிழ்த்து இறங்கித் தங்கும் இடம் 'மஹல்லா'. அது பாரசீகத்திலும் உருதுவிலும் வந்து, நகரத்தின் ஒரு பேட்டைக்குப் பெயராயிற்று. மைசூரில் கிருஷ்ணராஜ மொஹல்லா, சாமராஜ மொஹல்லா, லஷ்கர் மொஹல்லா, மண்டி மொஹல்லா என்று வரிசையாக இருக்கின்றன. ராஜா பெயர் சம்ஸ்கிருதம், பேட்டையின் பெயர் அரபு, பேசுவது கன்னடம், வீட்டுக்குள் தமிழ். இத்தனையும் ஒரு தபால் விலாசத்தில் அடங்கிவிடுகிறது.

எஸ்பெராண்டோ என்பது என்ன?

இப்போது போலந்தில் இருக்கும் பியாலிஸ்டாக் நகரத்தில், 1859 டிசம்பர் 15 அன்று, ஒரு யூதக் குடும்பத்தில் லுட்விக் ஸாமென்ஹாஃப் பிறந்தார். அந்த ஊர் அப்போது ரஷ்ய சாம்ராஜ்யத்தில் இருந்தது. தெருவில் ரஷ்யர், போலிஷ்காரர், ஜெர்மானியர், யூதர் என்று நான்கு ஜனங்கள், நான்கு பாஷைகள். ஒருவரை ஒருவர் நம்புவதில்லை. இந்தப் பகைக்குப் பாஷை வேற்றுமை ஒரு பெரிய காரணம் என்று அந்தப் பையனுக்குத் தோன்றியது. யாருக்கும் சொந்தமில்லாத, அதனாலேயே எல்லோருக்கும் சொந்தமான ஒரு இரண்டாவது மொழி இருந்தால் என்ன என்று யோசித்தார். வளர்ந்து கண் டாக்டர் ஆனார். 1887-இல் வார்ஸாவில் தம் மொழியின் முதல் புத்தகத்தை 'டாக்டர் எஸ்பெராண்டோ' என்ற புனைபெயரில் வெளியிட்டார். நாளடைவில் அந்தப் பெயரே மொழிக்கும் நிலைத்துவிட்டது.

'எஸ்பெர்' என்றால் நம்பிக்கை வைத்தல். அது லத்தீன் வழி வந்த வேர். 'ஆண்ட்' என்பது நிகழ்காலத்தில் அதைச் செய்துகொண்டிருப்பதைக் காட்டும். கடைசி 'ஓ' பெயர்ச்சொல்லின் அடையாளம். ஆக எஸ்பெராண்டோ என்றால் 'நம்பிக்கொண்டிருக்கிறவர்'. நம் தமிழிலும் 'நம்பு', 'கிற்', 'அவர்' என்று வேரோடு ஒவ்வொன்றாக ஒட்டித்தானே 'நம்புகிறவர்' என்கிறோம்? எஸ்பெராண்டோவின் அமைப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். 'ஸான்' என்றால் ஆரோக்கியம். முன்னால் 'மால்' சேர்த்தால் எதிர்ப்பதம், அதாவது நோய். பின்னால் 'உல்' சேர்த்தால் அந்தத் தன்மையுள்ள ஆள், 'எய்' சேர்த்தால் இடம். 'மால்ஸானுலேயோ' என்றால் ஆஸ்பத்திரி! சொற்கள் ஐரோப்பாவைச் சேர்ந்தவை என்றாலும் கோக்கும் முறை தமிழ்க் காதுக்குப் புதிதல்ல.

முதல் புத்தகத்தில் சுமார் 900 வேர்ச்சொற்களே இருந்தன. உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் அது எப்படிப் போதும்? அதற்கும் ஸாமென்ஹாஃப் வழி செய்தார். அவருடைய இலக்கணத்தில் மொத்தம் 16 விதிகள். பல மொழிகளில் ஏற்கெனவே பொதுவாக வழங்கும் சொல்லாக இருந்தால், எழுத்தை மட்டும் திருத்திக்கொண்டு அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது 15-ஆவது விதி. அந்த வாசல் வழியாகத்தான் நம் வெற்றிலை உள்ளே போயிற்று. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் ஆகிய எல்லாவற்றிலும் ஏறக்குறைய 'பெட்டெல்' என்றே இருக்கிறது. 'ஓ' சேர்த்தார்கள், 'பெட்டேலோ' ஆயிற்று.

அப்படியானால் அந்த 'பெட்டெல்' எங்கிருந்து வந்தது?

மூன்று கேள்விகள்

ஒரு சொல் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போயிற்று என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஒலி சரியாக வருகிறதா? கொடுத்தவரும் வாங்கியவரும் எந்த இடத்தில், எந்தக் காலத்தில் சந்தித்தார்கள்? பொருள், அதாவது அந்த வஸ்து, அதே வழியில் பயணம் செய்ததா? மூன்றுக்கும் பதில் இருந்தால் ஃபைலை மூடலாம். ஒன்றுக்கு மட்டும் பதில் இருந்தால் 'பரிசீலனையில்' என்று எழுதி வைக்க வேண்டும்.

வெற்றிலைக்கு மூன்றும் பொருந்துகின்றன. தமிழில் 'வெற்றிலை', மலையாளத்தில் 'வெற்றில'. மலையாளிகள் இந்த 'ற்ற' என்பதை நுனிநாக்கைப் பல்லுக்கு மேலே ஈற்றில் வைத்து, ஆங்கில 'ட' போல உச்சரிக்கிறார்கள். 'வெத்தலை' என்று நாம் சொல்வதைவிட ஐரோப்பியக் காதுக்கு அது மிக அருகில் இருக்கும். 'வ' 'ப' ஆனது. கடைசி உயிர் தேய்ந்தது. இது ஒலி.

இடமும் காலமும் தெளிவானவை. வாஸ்கோ ட காமா 1498-இல் வந்து இறங்கியது கோழிக்கோட்டுப் பக்கம். கோவாவில் வாழ்ந்த கார்சியா ட ஓர்த்தா என்ற போர்ச்சுகீசிய வைத்தியர் நம் நாட்டு மூலிகைகளைப் பற்றி 1563-இல் அங்கேயே ஒரு புத்தகம் அச்சிட்டார். இந்த இலைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மலபார்ப் பெயர், ஏனென்றால் நாங்கள் முதலில் அறிந்த தேசம் மலபார்தான் என்று அவரே விளக்குகிறார். வாங்கியவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரசீது மாதிரி இது! வஸ்துவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வந்து இறங்கியவர்களுக்கு முதல் மரியாதையே தாம்பூலம்தானே?

இதை ஆங்கிலத்தில் சேகரித்துத் தந்தவர்களில் ஒருவர் ஏ.ஸி. பர்னெல். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்து, தஞ்சாவூரில் ஜட்ஜாக வேலை பார்த்தவர். தஞ்சை அரண்மனையின் சம்ஸ்கிருத ஓலைச்சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவரும் அவரே. அவரும் ஹென்றி யூலும் சேர்ந்து செய்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்னும் அகராதி 1886-இல் வெளிவந்தது. பர்னெல் 1882-இலேயே காலமாகிவிட்டதால் அச்சில் பார்க்கவில்லை. உத்தியோகத்தில் இருந்துகொண்டே இவ்வளவு செய்தார் என்பதை ஓய்வு பெற்றும் நேரமில்லை என்று சொல்லும் நம்மில் சிலர் கவனிக்கலாம்.

'வெற்றிலை' என்றால் வெறும் இலை. மற்றக் கொடிகள் பூக்கும், காய்க்கும். இது இலையை மட்டும் தருவதால் இந்தப் பெயர் என்பார்கள். தாவர சாஸ்திரப்படி பார்த்தால் வெற்றிலைக் கொடியும் பூக்கும் இனம்தான். மிளகும் அதுவும் ஒரே குடும்பம். ஆனால் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. விதை போட்டு யாரும் வளர்ப்பதில்லை. தண்டை வெட்டித்தான் நடுகிறார்கள். அதனால் தோட்டத்தில் காயைப் பார்ப்பது அபூர்வம். சொல்லை உண்டாக்கியவர்கள் கண்ணால் கண்டதை வைத்துப் பெயரிட்டார்கள். அதில் தவறில்லை.

ஜோடி பிரியவில்லை

வெற்றிலை போனால் பாக்கு சும்மா இருக்குமா? எஸ்பெராண்டோவில் பாக்குக்கு 'அரேக்கோ'. போர்ச்சுகீசியரின் 'அரேக்கா'விலிருந்து வந்தது. அவர்கள் கேட்டது மலையாளத்து 'அடய்க்க'; இடையில் வரும் 'ட' அவர்கள் காதில் 'ர' ஆகிவிட்டது. கன்னடத்தில் 'அடிகெ'. கடைக்காரரிடம் தினமும் 'எலெ அடிகெ' என்று கேட்கிறோமே, அதே அடிகெ.

தமிழில் 'பாக்கு'தானே என்று கேட்கலாம். பழைய தமிழில் 'அடைக்காய்' உண்டு. சிலப்பதிகாரத்தில், கோவலன் மதுரைக்குச் சிலம்பு விற்கப் புறப்படும் முன் கண்ணகி உணவு பரிமாறி, பிறகு அவனுக்குக் கொடுப்பது வெற்றிலைச் சுருளும் அடைக்காயும்தான். ஸ்ரீவைஷ்ணவ வழக்கத்தில் சாற்றமுது, கறியமுது என்பதைப் போல 'அடைக்காயமுது' என்றும் சொல் உண்டு. அடர்ந்து குலையாகக் காய்ப்பதால் அடைக்காய் என்பர் சிலர். 'அடை' என்றால் இலை, இலையோடு சேரும் காய் என்பர் சிலர். எப்படியானாலும் கண்ணகி கொடுத்த அடைக்காயும், நம் கடை அடிகெயும், ஐரோப்பியரின் அரேக்காவும் ஒரே குலையில் காய்த்தவை.

லின்னேயஸ் 1753-இல் செடிகளுக்கு லத்தீன் பெயர் சூட்டியபோது வெற்றிலைக்கு 'பைப்பர் பீட்டில்' என்றும், பாக்கு மரத்துக்கு 'அரிக்கா கேட்டச்சு' என்றும் பெயர் வைத்தார். கல்லூரியில் தாவரவியல் படித்தவர்கள் இதை மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்தப் 'பைப்பர்' யார்? சம்ஸ்கிருத 'பிப்பலீ', அதாவது நம் கண்டந்திப்பிலி, சுக்கு மிளகு திப்பிலி என்று சொல்லும் திப்பிலி. கிரேக்கம் வழியாக லத்தீனுக்குப் போய்க் குருமிளகுக்குப் பெயராயிற்று. எஸ்பெராண்டோவில் 'பீப்ரோ'. ஆக வெற்றிலையின் விஞ்ஞானப் பெயரில் முதல் பாதி சம்ஸ்கிருதம் வழி வந்தது, மறுபாதி தென்னாட்டது. இரண்டும் ஒரே இலையில் சேர்ந்திருப்பதில் இலைக்கு ஒரு சங்கடமும் இல்லை.

எல்லாம் இப்படி ஒத்து வருமா?

வராது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். தமிழுக்கு 2004-லும், சம்ஸ்கிருதத்துக்கு 2005-லும், கன்னடத்துக்கு 2008-லும் செம்மொழி அந்தஸ்து கிடைத்தது. அதற்கு முன்பும் பின்பும், உலகத்துச் சொல்லெல்லாம் எங்களுடையது என்று மூன்று பக்கத்திலும் உற்சாகம் பொங்குகிறது. செல்போனில் தினமும் இரண்டு செய்தியாவது அப்படி வருகிறது. அவற்றில் உண்மையும் இருக்கும், பொய்யும் இருக்கும். கலந்து வருவதுதான் தொல்லை.

நன்றாக நிற்கும் உதாரணம் இஞ்சி. எஸ்பெராண்டோவில் 'ஸிங்கீப்ரோ'. லத்தீன், கிரேக்கம் வழியே பின்னால் போனால் பாலி மொழியின் 'ஸிங்கிவேர'வில் வந்து சேருகிறோம். அதில் ஒளிந்திருப்பது 'இஞ்சி வேர்'. அந்தக் காலத்தில் இஞ்சியின் முன்னால் ஒரு 'ச' ஒலி இருந்தது என்பது திராவிட மொழி அறிஞர்களின் முடிவு. சம்ஸ்கிருதத்தில் இது 'ச்ருங்கவேரம்' ஆயிற்று. 'ச்ருங்கம்' என்றால் கொம்பு, கொம்பு போன்ற உருவம் உடையது என்று பண்டிதர்கள் அழகாக அர்த்தம் சொன்னார்கள். இஞ்சியைப் பார்த்தால் கொம்பு போலத்தான் இருக்கிறது! ஆனாலும் அந்த விளக்கம் சொல் வந்தபிறகு கற்பித்தது. நம் பெரியவர்கள் சொன்னது என்பதற்காக அதை நிலைநாட்ட வேண்டியதில்லை.

நிற்பது சந்தேகமான உதாரணம் அரிசி. எஸ்பெராண்டோவில் 'ரீஸோ'. கிரேக்கத்தில் 'ஒரூஸா'. அது தமிழ் 'அரிசி' என்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்து எழுதி வருகிறார்கள். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் சொல்லாத குழந்தை இல்லை. ஒலி ஓரளவு ஒத்துப்போகிறது. ஆனால் கிரேக்கர்கள் நெல்லை விவரமாக எழுதத் தொடங்கியது அலெக்ஸாண்டரின் படையெடுப்பை ஒட்டிய காலத்தில். அது பாரசீகம் வழியான தரைப் பாதை. சம்ஸ்கிருத 'வ்ரீஹி'க்கு உறவான பழைய ஈரானியச் சொல் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்று இன்றைய அறிஞர் பலர் கருதுகிறார்கள். அந்த வ்ரீஹியே வேறொரு மொழியிலிருந்து சம்ஸ்கிருதத்துக்கு வந்த இரவலாக இருக்கலாம் என்றும் கருத்து உண்டு. ஆகவே இது முடிவாகாத ஃபைல். முடிவானதாகக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடாது.

நிற்கவே நிற்காதவையும் உண்டு. தமிழ் 'ஒன்று'ம் ஆங்கில 'ஒன்'னும் ஒரே சொல் என்பார்கள். ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் 'ஆன்'. லத்தீன் 'ஊனுஸ்' அதன் உறவு. நம் ஒன்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எஸ்பெராண்டோவில் 'கய்' என்று அடிக்கடி வரும். 'மற்றும்' என்று பொருள், கிரேக்கத்திலிருந்து எடுத்தது. இரண்டு பேரைச் சேர்ப்பது 'கை'தானே என்று ஒருவர் கிளம்பினால் நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைப்பேன். காதுக்கு ஒத்திருப்பது மட்டும் சாட்சியம் ஆகாது.

தாம்பூலம் யாருடையது?

கடைசியாக நமக்குக் கொஞ்சம் நெருக்கமான ஒரு விஷயம். வெற்றிலை, அடிகெ தென்னாட்டுச் சொற்கள். 'தாம்பூலம்' மட்டுமாவது சுத்த சம்ஸ்கிருதம் என்று நினைப்போம். அதன் வேரும் ஆரிய மொழிகளில் இல்லை. தென்கிழக்கு ஆசியாவின் ஆஸ்திரோ ஆசிய மொழிகளிலிருந்து வந்தது என்பதே பெரும்பான்மைக் கருத்து. கம்போடியாவின் கெமர் மொழியில் வெற்றிலைக்கு 'ம்லூ' என்று பெயர். தாவர சாஸ்திரமும் இதற்கு ஒத்துழைக்கிறது. வெற்றிலைக் கொடி, பாக்கு மரம் இரண்டுக்குமே பூர்வீகம் தென்கிழக்கு ஆசியாதான். நிச்சயதாம்பூலம் இல்லாமல் கல்யாணம் இல்லை, வெற்றிலை பாக்கு இல்லாமல் பூஜை இல்லை என்கிறோம். செடியும் கடல் கடந்து வந்தது, சொல்லும் கடல் கடந்து வந்தது. அதனால் நம் ஆசாரத்துக்கு என்ன குறை வந்தது? ஒன்றும் இல்லை. வந்ததை மரியாதையாக வைத்துக்கொள்வதும் ஒரு ஆசாரம்தான். (பாக்கு மெல்லுவதைப் புற்றுநோய்க் காரணமாக உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்திருக்கிறது. ஆகவே தட்டில் இருந்தால் போதும், வாயில் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.)

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன்? 1991 டிசம்பரில் காவிரித் தகராறை ஒட்டி பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் தமிழ் பேசுகிறவர்கள் மீது நடந்த வன்முறை இங்கே பலருக்கு நினைவிருக்கும். தண்ணீர்ச் சண்டை பாஷைச் சண்டையாக மாற இரண்டு நாள் போதுமாயிருந்தது. ஸாமென்ஹாஃப் சிறு வயதில் பார்த்ததும் அதையேதான். அவர் 1917-இல் காலமானார். அவருடைய மகள் லிடியாவும் எஸ்பெராண்டோவைப் பரப்புவதில் வாழ்நாளைச் செலவிட்டவர். அவரை நாஜிகள் 1942-இல் ட்ரெப்ளிங்கா முகாமில் கொன்றார்கள். ஒரு பொது மொழி இருந்துவிட்டால் மட்டும் மனிதர்கள் திருந்திவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. ஒரே மொழி பேசும் பங்காளிகள் கோர்ட்டுக்குப் போவதை சர்வீஸில் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று செய்யலாம். 'எங்கள் சொல்லை நீ எடுத்துக்கொண்டாய்' என்று ஒருவர் சண்டைக்கு வரும்போது, சொல்லின் சரித்திரம் தெரிந்தவர் அமைதியாக பதில் சொல்லலாம். வெற்றிலையை ஐரோப்பாவுக்குக் கொடுத்தது தமிழா மலையாளமா என்று கேட்டால், கையில் கொடுத்தது மலையாளம், சொத்து இரண்டுக்கும் பொது. அடிகெயும் அடைக்காயும் கன்னடமா தமிழா என்றால், இரண்டும் பிரிவதற்கு முன்னால் இருந்த பாட்டியின் நகை. பேத்திகள் இருவரும் போட்டுக்கொள்ளலாம்.

இதே மைசூரில் 1929-இல் பிறந்த ஏ.கே. ராமானுஜன் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்ந்தவர். அதனாலேயே சங்கப் பாடல்களையும் கன்னட வசனங்களையும் ஒரே ஈடுபாட்டோடு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக அவரால் முடிந்தது. இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் 1969-இல் அமைக்கப்பட்டதும் நம் மைசூரில்தான். இவ்வளவு அருகில் இருந்துகொண்டு, செல்போனில் வந்ததை அப்படியே அடுத்தவருக்கு அனுப்புவது நமக்கு அழகல்ல.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைசூர், பெங்களூர், பாலக்காடு, மும்பை, டில்லி என்று எங்கே இருந்தாலும் நம் வீட்டுத் தமிழில் அந்தந்த ஊர்ச் சொற்கள் கலந்திருக்கும். சமையலறைச் சொல், விசேஷச் சொல், பாட்டி திட்டும் சொல் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த ஊர், யார் சொன்னது, எந்த வருஷம் என்று பக்கத்தில் குறியுங்கள். பேரக்குழந்தைகளை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் இருக்கும் குழந்தைகள் போனில் கேட்டு எழுதலாம். சொல்கிறவர்கள் நம்மோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. நூறு வருஷம் கழித்து ஒருவர் "ஆதாரம் எங்கே?" என்று கேட்டால், எடுத்துக் காட்ட ஒரு நோட்டாவது இருக்கட்டும்.